ராஜா தலைக்கு என்ன விலை?

ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தி 1936-ஆம் வருஷம் ஜனவரி மாதம் காலமானார். லண்டனிலேயே இன்று அவரை நினைத்துக்கொள்கிறவர்கள் சொற்பமாகத்தான் இருப்பார்கள். ஆனால் காரைக்குடியில் அவருக்கு இன்னும் மவுசு குறையவில்லை. முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய சாமான் கடைகளின் வாசலில், கைப்பிடி போன கூஜாவுக்கும் கிராமபோன் குழாய்க்கும் நடுவே, தாடியும் மெடல்களுமாக அவர் கொலுவீற்றிருக்கிறார். பக்கத்தில் மேரி மகாராணி. எனாமல் குவளையில் இருக்கிறார். தகர டப்பாவின் மூடியில் இருக்கிறார். ரவிவர்மாவின் லட்சுமிக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறார். வெள்ளி ரூபாயிலும் இருக்கிறார். அந்த ரூபாய் வெள்ளிதானா என்பது வேறு சமாசாரம். அதற்குப் பிறகு வருகிறேன்.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வந்து இறங்குகிறவர்களில் பலர் முதலில் அவரைத்தான் தேடுகிறார்கள். ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பார்த்தாகிவிட்டது. ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பதைப் பார்த்தாகிவிட்டது. கோழி வறுவல் சாப்பிட்டாகிவிட்டது. ஊர் திரும்பும்போது கையில் ஏதாவது வேண்டாமா? பழையதாக இருக்கவேண்டும், மலிவாக இருக்கவேண்டும், ராஜாவும் இருக்கவேண்டும். மூன்றும் ஒரே பண்டத்தில் கிடைத்துவிட்டால் அவர்கள் முகத்தில் தோன்றுகிற திருப்தியைப் பார்க்கவேண்டுமே! வீட்டுக்குப் போனதும் அது ஷோகேஸில் ஏறிவிடும். வருகிற விருந்தாளிக்கெல்லாம், "இது செட்டிநாட்டுப் பொக்கிஷம்" என்று அறிமுகம் நடக்கும். இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயர் சூளையில் வெந்த பீங்கான் எப்படிச் செட்டிநாட்டுப் பொக்கிஷம் ஆயிற்று என்று எந்த விருந்தாளியும் கேட்பதில்லை. கேட்டால் காபி ஆறிவிடும்.

இந்தப் பொழுதுபோக்கை நான் எதிர்க்கிறேன். தேசபக்தியால் எதிர்க்கிறேன் என்று வாசகர்கள் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. அப்படி எதிர்க்கிற நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். தியாகி ஒருவரின் பேரன். ராஜா படம் போட்ட குவளையைக் கண்டால் போட்டு உடைக்கவேண்டும் என்பார். நான் உடைக்கச் சொல்லவில்லை. குவளையை உடைப்பதால் சாம்ராஜ்யம் உடையப்போவதில்லை. அது 1947-லேயே உடைந்துவிட்டது. தகரமும் பீங்கானும் ஒரு பாவமும் அறியாதவை. தெருவில் சாக்கை விரித்து அவற்றை விற்கிறவரும் குற்றவாளி அல்லர். கேட்கிற சரக்கைக் கொடுக்கிறார், பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். 1985-இல் தீப்பிடித்து எரிந்துபோவதற்கு முன்னால் சென்னை மூர் மார்க்கெட்டும் இப்படித்தானே எத்தனையோ குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது?

என் சண்டையெல்லாம் ஒரே ஒரு வார்த்தையோடுதான். "அபூர்வம்" என்கிறார்களே, அந்த வார்த்தையோடு.

இந்தப் பூலோகத்தில் ராஜாவின் முகத்தைப் போல மலிந்த சரக்கு இன்னொன்று உண்டா? மலியவேண்டும் என்றே செய்த சரக்கு அது. முன்காலத்தில் ராஜாவின் முகத்தைக் குடிஜனங்கள் பார்ப்பதென்றால் காசில் பார்ப்பதுதான். பிறகு இங்கிலாந்தில் குயவர்கள் ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள். செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய காகிதத்தில் மையிட்டு எடுத்து, அந்தக் காகிதத்தைப் பாத்திரத்தின் மேல் ஒட்டித் தேய்த்தால் படம் பாத்திரத்தில் இறங்கிவிடும். தூரிகை பிடித்து ஒரு கோப்பையில் படம் எழுதுகிற நேரத்துக்குள் கூடை கூடையாகக் கோப்பைகள் தயார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தகரத்தின் மேலும் வர்ணப் படம் அச்சடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அவ்வளவுதான், ராஜகுடும்பத்தில் ஒரு விசேஷம் என்றால் சூளைக்காரர்களுக்குத் தீபாவளி. 1897-இல் விக்டோரியாவின் வைர விழா, 1902-இல் ஏழாம் எட்வர்டின் பட்டாபிஷேகம், 1911-இல் ஐந்தாம் ஜார்ஜின் பட்டாபிஷேகம், 1935-இல் அவருடைய வெள்ளி விழா, 1937-இல் ஆறாம் ஜார்ஜின் பட்டாபிஷேகம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குவளைகள் வந்துகொண்டே இருந்தன. நின்றுவிட்டனவா என்றால், இல்லை. 2023 மே மாதம் மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோதும் குவளை வந்தது. வாங்குகிறவர்கள் இருக்கும்வரை வரும்.

இதில் ஒரு வேடிக்கை. ஏழாம் எட்வர்டுக்கு 1902 ஜூன் 26-ஆம் தேதி பட்டாபிஷேகம் என்று நாள் குறித்திருந்தார்கள். குவளைகளில் தேதியும் அச்சாகிவிட்டது. இரண்டு நாள் இருக்கும்போது ராஜாவுக்குக் குடல்வால் நோய். வைத்தியர்கள் வயிற்றைக் கிழித்துவிட்டார்கள். பட்டாபிஷேகம் ஆகஸ்டு 9-ஆம் தேதிக்குப் போயிற்று. குவளையில் தேதி தப்பு. அதற்காகச் சூளைக்காரர் நஷ்டப்படுவாரா? சரக்கு சரக்குதான். இவர் பேரன் எட்டாம் எட்வர்டின் கதை இன்னும் மோசம். 1937 மே 12-ஆம் தேதி முடிசூடுவதாக இருந்தவர், ஒரு பெண்மணிக்காக 1936 டிசம்பரிலேயே சிம்மாசனத்தை விட்டு இறங்கிவிட்டார். குவளைகளோ அதற்கு முன்பே வண்டி வண்டியாகத் தயாராகிவிட்டிருந்தன. இன்று பழைய சாமான் வியாபாரிகள், "முடிசூடாத ராஜா, சார், உலகத்திலேயே சில குவளைகள்தான் இருக்கு" என்று ரகசியம் பேசி இவற்றைத் தலையில் கட்டுகிறார்கள். உலகத்தில் கொட்டிக் கிடக்கிற குவளை அது. முடிசூடவில்லை என்பது அபூர்வம்தான். குவளை அபூர்வம் இல்லை.

நம் ஜனங்கள் ஒரு காலத்தில் ராஜா தலையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய் முதன்முதலாக வந்தது. அவர் அணிந்திருந்த அங்கியில் ஒரு யானை. நாணயச் சாலைக்காரர் செதுக்கியதில் தும்பிக்கை குட்டையாகிப் போய், பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருந்தது. "பன்றி போட்ட ரூபாய்" என்று முஸ்லிம்கள் ஆட்சேபித்தார்கள். சர்க்கார் பதறிப்போய் அந்த ரூபாயை நிறுத்தி, 1912-இல் யானையைத் திருத்தி மறுபடி அடித்தது. சக்கரவர்த்தி தலையைக் கையில் வாங்கியவுடன் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல், திருப்பித் திருப்பிப் பார்த்து, இது யானையா பன்றியா என்று கேட்ட ஜனங்கள் அவர்கள். அந்தப் பார்வை நமக்குப் போய்விட்டது.

ராஜாவின் ஞாபகார்த்தப் பொருளுக்கு என்ன விலை என்று மாஸ்கோவில் ஒரு தடவை கணக்குத் தெரிந்தது. 1896 மே மாதம், ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கலஸ் முடிசூடிய சமயம். ஹோடின்கா மைதானத்தில் ஜனங்களுக்கு இனாம் வழங்குவதாக அறிவித்தார்கள். ஒரு துணி முட்டையில் ரொட்டி, கொஞ்சம் இறைச்சி, இனிப்பு. இவற்றோடு ராஜா ராணியின் பெயரெழுத்துகளும் 1896 என்ற வருஷமும் போட்ட ஓர் எனாமல் குவளை. முதல் நாள் இரவே லட்சக்கணக்கான ஏழை ஜனங்கள் வந்து கூடிவிட்டார்கள். விடியும் நேரத்தில், குவளை எல்லாருக்கும் போதாதாம் என்று ஒரு வதந்தி. மைதானமோ பள்ளமும் குழியுமானது. நெரிசலில் செத்தவர்கள் சர்க்கார் கணக்குப்படி ஆயிரத்து முந்நூறுக்கு மேல். அன்று இரவு பிரெஞ்சு ஸ்தானிகர் மாளிகையில் நடந்த நடனத்துக்குப் புது ராஜாவும் ராணியும் போனார்கள். டால்ஸ்டாய் தம்முடைய கடைசி வருஷமான 1910-இல் இதைப் பற்றி ஒரு கதை எழுதினார். அந்தக் குவளைகளும் இன்று சேகரிப்பாளர்களின் ஷோகேஸில் இருக்கின்றன. அடியில் இரத்தம் இல்லை, கழுவிவிட்டார்கள்.

மாஸ்கோவை விடுவோம். நம் பக்கத்துக் கணக்கு என்ன? 1911 டிசம்பர் 12-ஆம் தேதி டெல்லியில் ஐந்தாம் ஜார்ஜ் தர்பார் நடத்தினார். தேசம் முழுதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாயும் மெடலும் கிடைத்தன. அன்றைக்கு வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறைக்குள் இருந்தார். ஸ்வதேசிக் கப்பல் ஓட்டியதற்கும் பேசியதற்கும் பரிசாக 1908-இல் உள்ளே போனவர், 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார். சிறையில் அவரைச் செக்கு இழுக்க வைத்தார்கள். மிட்டாய் தின்ற பிள்ளைகளின் மேல் எனக்கு வருத்தமில்லை. மிட்டாய் யார் கொடுத்தாலும் தித்திக்கும். ஆனால் அந்த மெடலை இன்று விலை கொடுத்து வாங்கி வெல்வெட் துணியில் வைத்து அழகு பார்க்கிற பெரியவர்கள் மிட்டாய்க்கு ஏங்குகிற வயதுக்காரர்கள் அல்லவே!

மதுரையிலிருந்து காரைக்குடிக்கு வருகிறவர்கள் திருப்பத்தூர் வழியாக வருகிறார்கள். 1801 அக்டோபர் 24-ஆம் தேதி பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் கம்பெனிக்காரர்கள் தூக்கில் போட்டது அங்கேதான். நினைவிடம் இருக்கிறது, கார் நிற்பதில்லை. கம்பெனி அதிகாரி வெல்ஷ் என்பவருக்கு வளரி எறியத் தன் கையாலே கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. பிற்பாடு அவரை வேட்டையாடிய படையில் அதே வெல்ஷ் இருந்தார். தூக்கில் தொங்கியவர்கள் போக மிஞ்சியவர்களில் எழுபதுக்கு மேற்பட்டவர்களை, சின்ன மருதுவின் பாலகன் துரைசாமி உள்பட, 1802-இல் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அப்போது அந்தத் தீவுக்குத் துரைத்தனத்தார் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? "வேல்ஸ் இளவரசர் தீவு." சிவகங்கைச் சீமைக்காரர்களுக்குக் கிடைத்த முதல் ராஜ ஞாபகார்த்தம் அதுதான் என்று நான் சொல்வேன்.

அதே பினாங்குக்கு அடுத்த அறுபது வருஷத்துக்குள் நகரத்தார் லேவாதேவிக்குப் போய்த் தண்டாயுதபாணிக்குக் கோவிலும் கட்டிவிட்டார்கள் என்பது சரித்திரத்தின் குறும்பு. ரங்கூன், கொழும்பு, சைகோன், பினாங்கு என்று கொண்டுவிற்கப் போனவர்களுக்கு ராஜா தலை வெறும் அலங்காரம் அல்ல; தொழில் சாதனம். கடன் கொடுத்தால் வசூலிக்கக் கோர்ட்டு வேண்டும். கோர்ட்டு ராஜாவின் பெயரால் நடக்கிறது. வீட்டு முகப்பில் ஜார்ஜ் படத்தை மாட்டியவர் பக்தியால் மாட்டினார் என்று நினைப்பது, கடையில் லைசென்ஸை மாட்டியவர் கலா ரசிகர் என்று நினைப்பது மாதிரிதான். பட்டங்களும் அப்படித்தான் வந்தன. "செட்டிநாட்டு ராஜா" என்ற பரம்பரைப் பட்டமே 1929-இல் துரைத்தனத்தார் அண்ணாமலைச் செட்டியாருக்குக் கொடுத்ததுதான். அவர் சிதம்பரத்தில் நிறுவிய சர்வகலாசாலை அந்தப் பட்டத்தைவிடப் பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம்.

அந்த லைசென்ஸ் கடைசியில் எதற்கு உதவியது? கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் முக்கியமான 13 ஜில்லாக்களில், செட்டியார்கள் கைக்கு வந்த விளைநிலம் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்கு. நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் நிலத்தை விட்டுப் போக, 1938-க்குள் அது நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு ஆயிற்று. கோர்ட்டு டிக்ரிகள் கட்டுக் கட்டாகப் பெட்டியில் இருந்தன. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான். ராஜாவின் சைனியம் பின்வாங்கியது. டிக்ரிப் பெட்டியை விட்டுவிட்டு, கால்நடையாகக் காடும் மலையும் தாண்டி நம்மவர்கள் வந்தார்கள். 1948-க்குப் பிறகு பர்மா சர்க்கார் நிலங்களையும் எடுத்துக்கொண்டது. முகப்பிலிருந்த ஜார்ஜ் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

காந்தியடிகள் 1927 செப்டம்பரில் செட்டிநாட்டுக்கு வந்தார். கதருக்குப் பணம் கேட்டு வந்தவர், பணம் கொடுத்தவர்களிடமே முகத்துக்கு நேராக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். வீடு நிறையச் சாமான்கள் அடைந்து கிடப்பதில் மூச்சுவிட இடமில்லை என்றும், சில படங்கள் பார்க்கச் சகிக்கவில்லை என்றும் சொன்னார். கேட்டவர்களுக்குச் சுருக்கென்றிருந்திருக்கும். இன்று அந்தச் சகிக்காத படங்களைத்தான் நாம் தேடித் தேடி வாங்குகிறோம்.

அந்த வீடுகளில் அடைந்து கிடந்த சாமான்கள் தெருவுக்கு வந்த விதம் எல்லாருக்கும் தெரியும். நாலு தலைமுறையில் நாற்பது பங்காளிகள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்றவே லட்சம் வேண்டும். வளவைப் பூட்டிப் போட்டுவிட்டு, வருஷத்துக்கொரு தடவை படைப்புக்கு வருவார்கள். பிறகு ஒரு நாள் இரண்டாம் கட்டின் சாமான் அறை திறக்கும். ஸ்வீடன், ஆஸ்திரியா, ஜப்பான் என்று எங்கெங்கிருந்தோ வந்த எனாமல் தூக்குகளும் தாம்பாளங்களும், பித்தளை அண்டா குண்டான்களும் லாரியில் ஏறும்.

சென்ற ஐப்பசியில் முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். மதுரைப் பக்கத்து அம்மாள் ஒருவர் வெள்ளி விழாக் குவளை ஒன்றை எடுத்தார். எனாமல். வெளியே ராஜாவும் ராணியும் அதிகம் அழியாமல் இருந்தார்கள். கவிழ்த்துப் பார்த்தார், அடிப்பக்கத்தில் கறுப்பு வர்ணத்தில் நாலு தமிழ் எழுத்துகள்.

"இந்தக் கறுப்பு போகுமா?" என்று கேட்டார்.

"எதும்மா?"

"அடியிலே என்னமோ கிறுக்கியிருக்கே, இது."

"கிறுக்கல் இல்லைம்மா, விலாசம். எந்த வீட்டுச் சாமான்னு அடையாளம். தின்னர் போட்டுத் துடைச்சாப் போயிடும். துடைச்சுத் தரட்டுமா?"

"துடைச்சுடுங்க. ராஜா மேலே படாமப் பாத்துக்குங்க."

கடைக்காரர் துடைத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் போனபின் நான் கேட்டேன்: "ஏங்க, அந்த எழுத்தை அப்படியே விட்டுக் கொடுத்தால் என்ன?"

"ஐயா, ராஜாவைக் கேட்டு வர்றாங்க. ஆச்சியைக் கேட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் வரலை. நான் என்ன செய்யட்டும்?"

அவர் சொன்னதில் பிசகு இல்லை. அந்த நாலு எழுத்து என்ன என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இன்ன ஊர், இன்ன வீடு என்று பாதி செட்டிநாடு கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்க முடியும் என்பதுதான் விஷயமே. விலாசம் என்றால் பாட்டனார் பெயர், தகப்பனார் பெயர் என்று முன்னெழுத்துகள் வரிசையாக வந்து ஒரு புள்ளியைக் குறிப்பது. வட்டிக்கடைப் பலகையிலும் அதுதான், அடுக்களைக் கரண்டியிலும் அதுதான். பெண் குழந்தை பிறந்த அன்றே தாயார் சாமான் சேர்க்க ஆரம்பிப்பாள். ரங்கூனிலிருந்து அப்பச்சி வரும்போதெல்லாம் பெட்டியில் நாலு எனாமல் வரும். பித்தளையில் பெயர் வெட்டுவார்கள். எனாமலில் உளி பட்டால் பூச்சு உதிர்ந்துவிடும் என்பதால் வர்ணத்தில் எழுதுவார்கள். கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது வந்தவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். பிறகு பாதிச் சாமான் அடுப்பையே காணாமல் அறைக்குள் போய்விடும். அந்தப் பெண் அங்கேயே ஆச்சியாகிக் கிழவியாகிச் சாவாள். அவளுக்கென்று அந்த மாளிகையில் தனியாக இருந்தது அந்தச் சாமான்கள்தாம். வீடு புருஷன் வீடு, கணக்கு மாமனார் கணக்கு.

அந்தக் குவளையின் மேல்புறம் இருந்த ராஜா எத்தனை ஆயிரம் குவளையில் இருக்கிறார் என்று சூளைக்காரருக்கே தெரியாது. அடிப்புறம் இருந்த நாலு எழுத்தோ ஒரு கையால் எழுதியது. அந்த ஒரு வீட்டுச் சாமானைத் தவிர வேறெங்கும் கிடையாது. "அபூர்வம், அபூர்வம்" என்று சொல்லிக்கொண்டே நாம் அபூர்வமானதைத் தின்னர் விட்டுத் துடைக்கிறோம். மலிந்ததைப் பத்திரமாகக் காகிதத்தில் சுற்றுகிறோம். நூறு வருஷம் கழித்து இந்தப் பொருள்களை வைத்துக்கொண்டு யாராவது ஒரு மாணவன் செட்டிநாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால், இங்கே ஐந்தாம் ஜார்ஜும் மேரியும் மட்டும் குடியிருந்தார்கள் என்றுதான் எழுதவேண்டியிருக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. வீட்டுக்காரர்களே விலாசத்தை அழிக்கச் சொல்கிறார்களாம். இன்னார் வீட்டுச் சாமான் சந்திக்கு வந்துவிட்டது என்று ஊர் பேசக் கூடாது என்பது அவர்கள் கவலை. கௌரவமாக வாழ்ந்த குடும்பங்கள்; கவலை இருக்கும். வாங்குகிறவர்கள் அதை மதிக்கத்தான் வேண்டும். விலாசம் வேண்டாம் என்றால் போகட்டும். எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷத்துக் கல்யாணம், கூட என்னென்ன வந்தது என்று கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் குவளைக்குள் போட்டு வைப்பதில் யாருக்கு மானக்கேடு? கடைக்காரர்களுக்கு இவையெல்லாம் தெரியும். லாரியோடு போய் இறக்கியவர்கள் அவர்கள்தாமே. ஆனால் விலை பேசுவதற்கு அரைமணி நேரம் செலவிடுகிறவர்கள் இதைக் கேட்க அரை நிமிஷம் நிற்பதில்லை.

ராஜா வேண்டும், பழசாக வேண்டும், மலிவாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் சந்தை சும்மா இருக்குமா? இப்போது கோவில் வாசல்களிலும் பொருட்காட்சிகளிலும் கம்பெனி காலத்து நாணயம் என்று ஒன்று விற்கிறார்கள். ஒரு பக்கம் அனுமாரோ ராமர் பட்டாபிஷேகமோ. மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி என்ற பெயர். 1818 என்று வருஷம். அரிசியை இழுக்கும், அதிர்ஷ்டம் தரும் என்று கதை வேறு. கிழக்கிந்தியக் கம்பெனி அனுமாருக்கு நாணயம் அடித்ததே கிடையாது. பட்டறையில் நேற்று அடித்துப் புளி போட்டுக் கறுக்க வைத்த தகடு அது. வெள்ளி முலாம் பூசிய ஜார்ஜ் ரூபாயும் இதே பட்டறைச் சரக்குதான். ஏமாந்தவர்கள் என்னிடம் வந்து முறையிட்டால் எனக்கு அனுதாபம் வருவதில்லை. ராஜா தலை இருந்தால் போதும் என்றுதானே கேட்டீர்கள்? தலை இருக்கிறது.

உண்மையான ராஜா தலை வேண்டும் என்றால், அது ஏற்கெனவே நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. யாரும் அதைச் சேகரிப்பு என்று சொல்வதில்லை. பெண்ணுக்கு எத்தனை சவரன் போடுகிறீர்கள் என்று கேட்கிறோமே, அந்தச் சவரன் இங்கிலாந்து ராஜாவின் தங்கக் காசின் பெயர். எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவான அந்தக் காசை வைத்து இன்றைக்கும் தமிழ்நாட்டில் தங்கத்துக்கு விலை சொல்கிறோம். துரை போய் எண்பது வருஷம் ஆகப்போகிறது. பெண்ணைப் பெற்றவன் இன்னும் ராஜா தலையால்தான் அளந்து கொடுக்கிறான். குவளையைப் பற்றிக் கோபிக்கும் என் தேசபக்த நண்பரும் தம் மகள் கல்யாணத்தில் நாற்பது சவரன் போட்டார்.

செட்டிநாட்டில் பழைய வீடுகளை ஓட்டலாக்குகிறவர்கள் இப்போது ஒரு புது வழக்கம் ஆரம்பித்திருக்கிறார்கள். முகப்பில் மாட்டுவதற்கு ஜார்ஜ் படம் வாங்குகிறார்கள். வீட்டைக் கட்டியவரின் படத்தைப் பங்காளிகள் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள், ஆணி வெறுமையாக இருக்கிறது, ஆகவே சக்கரவர்த்தி. வருகிற வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். "அவங்க வீட்டிலே இது இல்லையாம் சார்" என்று ஒரு ஓட்டல் பையன் என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

பித்தளைக்கு வருகிறேன். பெயர் வெட்டிய அண்டாவும் பெயர் வெட்டாத அண்டாவும் தராசில் ஒரே விலை, கிலோ கணக்கு. வாங்கிப் புழங்க ஆளில்லாததால் பெரும்பாலும் உருக்குவதற்குத்தான் போகிறது. உருக்குகிறவர் பெயரைச் சுரண்டுவது கூட இல்லை. அவருக்கு அது அவசியமில்லை. எனாமல் குவளையில் ராஜா இருந்தால் ஒரு விலை, பூ இருந்தால் அதில் பாதி, வெறும் வெள்ளையாக இருந்தால் கொசுறு. அந்தக் கொசுறுகளின் அடியில்தான் விலாசம் அழியாமல் இருக்கிறது. சென்ற தடவை ஐந்து வாங்கினேன். கடைக்காரர் பை கூடக் கேட்காமல், "எடுத்துக்கிட்டுப் போங்க ஐயா, குடுக்கிறதைக் குடுங்க" என்றார்.